ஞாயிறு சாயந்திரம் மினுக்கிய பெட்டி

கேள்வி: என் அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பின் வீட்டில் விண்டோஸ் 7 டெஸ்க்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு, மும்பையில் தான் வாழ்ந்த நாற்பது வருடங்களைப் பற்றித் தமிழில் எழுதி வந்தார். தெரிந்தவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக் கொடுப்பார். இரண்டு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய சாமான் வாங்கும் பங்கார்காரருக்குப் போட்டுவிட்டார். ஆனால் ரவுட்டர் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டி அப்படியே இருக்கிறது. 2012இல் அண்ணன் மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்து இணைத்தது. ஒவ்வொரு ஞாயிறு சாயந்திரமும் அதன் விளக்கு மினுக்கும், அது முடியும்வரை அப்பா கம்ப்யூட்டரை அணைக்க விடமாட்டார். என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் இந்தப் பெட்டி தெரியவே இல்லை. ஒரு கடையில் காட்டினேன். உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி இணைத்தார்கள். ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டது. ‘இதில் ஒன்றும் இல்லை, ஃபார்மட் பண்ணிப் புதுசா வெச்சுக்கோங்க’ என்றார் கடைப் பையன். மனசு வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா எழுதியதெல்லாம் போய்விட்டதா? – வாசகி, செம்பூர், மும்பை

அன்புள்ள சகோதரிக்கு,

போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களிலேயே அதற்கான காரணங்கள் இருக்கின்றன. ‘மனசு வரவில்லை’ என்று டிஸ்க்கைத் திரும்ப வாங்கி வந்தீர்களே, இந்த விஷயத்தில் யாரும் செய்திருக்கக்கூடிய மிக நல்ல காரியம் அதுதான்.

முதலில் அந்த ஃபார்மட் கேள்வி. உங்கள் கறுப்புப் பெட்டி, ரவுட்டர் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணையும் ஒரு ஹார்ட் டிஸ்க். இந்த மாதிரி நெட்வொர்க் பெட்டிகளுக்குள் ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம். டிஸ்க்கும் லினக்ஸ் முறையில்தான் பிரிக்கப்பட்டிருக்கும். விண்டோஸுக்கு அந்த முறையைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத எதைக் கண்டாலும் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்பது அதன் வழக்கம். டிஸ்க் காலியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. சொல்லப்போனால் எனக்கு அந்தக் கேள்வி நல்ல செய்தியாகத்தான் படுகிறது. டிஸ்க் சுழல்கிறது, கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. பல வருடம் சும்மா கிடந்த டிஸ்க்கில் நான் முதலில் பயப்படுவது அங்கேதான்.

மும்பையில் இருபத்தெட்டு வருடமாகச் சின்னச் சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதே கேள்விக்கு ‘சரி’ என்று பட்டனை அழுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாஷியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் அப்படி அழுத்திவிட்டு, காலியாகத்தானே இருக்கிறது என்று அதே டிஸ்க்கில் புதுக் கோப்புகளைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். வேகமாக ஃபார்மட் செய்தாலும் பழைய தகவலில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும், மீட்க முயற்சி செய்யலாம். அதன் மேல் புதிதாக எழுதிவிட்டால் அந்த இடத்தில் இருந்தது போனதுதான். மூன்று வருடக் கணக்கு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: எல்லாம் முடியும்வரை அந்த டிஸ்க்கில் எதுவும் எழுதப்படக் கூடாது. ரிப்பேர் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், புதுக் கோப்பு ஒன்றுகூட வேண்டாம். படித்து நகல் எடுக்கலாம், அவ்வளவுதான். மற்ற வேலை முழுவதையும் நகலில் வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த ஞாயிறு சாயந்திரத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 7இல் கூடவே வரும் பேக்கப் வசதியை இயக்கினால், நேரத்தை நாம் மாற்றாதவரை, அது எடுத்துக்கொள்வது ஞாயிறு மாலை 7 மணி. உங்கள் அண்ணன் அந்த வசதியைத்தான் இயக்கி, சேமிக்கும் இடமாக இந்தப் பெட்டியைக் காட்டியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். விண்டோஸ் 7 ஹோம் பதிப்புகளில் நெட்வொர்க்குக்கு பேக்கப் எடுக்க முடியாது, ஆகவே அப்பாவிடம் இருந்தது புரொஃபஷனல் அல்லது அல்டிமேட்டாக இருந்திருக்கும். அண்ணனிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியே பெட்டியின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், அது ரொம்ப உதவும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், அதை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். சில மாடல்களில் அது பாஸ்வேர்டை மட்டும் மாற்றும், வேறு சிலவற்றில் அதற்கு மேலும் செய்யும். அந்த மாடலின் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

டிஸ்க்கை இருந்தபடியே பெட்டிக்குள் திரும்பப் பொருத்துங்கள். அதில் பேக்கப்பை எழுதிய பெட்டிதான் அதைச் சரியாகப் படிக்கும். சில பழைய பெட்டிகள் டிஸ்க்கை விசித்திரமான அளவில் பிரித்து வைத்திருக்கும், சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டால்கூடத் திறக்காது. கழற்றிப் பார்ப்பது இரண்டாவது வழியாகவே இருக்கட்டும். அடாப்டர் செத்துப்போயிருந்தால் பழையதைக் கையோடு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்கு எடுத்துப் போங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பின்னின் அளவும் துருவமும் பொருந்த வேண்டும். மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வரும் நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள். முடிந்தால் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

பெட்டியை இயக்கியதும் காதை வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய சுழலும் சத்தம் என்றால் நல்லது. ‘டிக்... டிக்... டிக்...’ என்று ஒரே தாளத்தில் தட்டினாலோ, கிளம்பிக் கிளம்பி நின்றாலோ, உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். உள்ளே படிக்கும் முனை கெட்டிருந்தால், ஒவ்வொரு தடவை சுழலும்போதும் அது தட்டின் மேல் இருப்பதைச் சுரண்டக்கூடும். அந்த நிலைமைக்கு என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

சத்தம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லேப்டாப்பில் ஏன் தெரியவில்லை? அந்தக் காலத்துப் பெட்டிகளில் பல, கோப்புகளைப் பரிமாற எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை மூடியே அனுப்புகிறது. அதோடு, பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியாக நுழைவதையும் விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகள் தடுக்கின்றன. ஆக, பெட்டி சொல்வதை லேப்டாப் காதில் வாங்க மறுக்கிறது. கோப்புகளுக்கு இதில் ஒரு சேதமும் இல்லை.

திறக்கும் முன் ஒரு காரியம்: ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். லேப்டாப், ரவுட்டர், பெட்டி மூன்றும் மட்டும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் போதும். பழைய பெட்டிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை. 2021 ஜூனில், தயாரிப்பு நின்றுபோன ஒரு மாடல் நெட்வொர்க் டிஸ்க்குகளில் இன்டர்நெட்டோடு இணைந்திருந்த பலவற்றை எங்கிருந்தோ ஒருவர் துடைத்துப்போட்டார், காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு ஃபோல்டர்கள் காலி. அந்த அபாயத்தை நாம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் முதலில் அப்படியே முயற்சி செய்யுங்கள். பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும், அதில் பெட்டியின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியைப் பாருங்கள். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் கட்டத்தில், பின்சாய்கோடு இரண்டு போட்டு அந்த எண்ணை அடியுங்கள். பெயர், பாஸ்வேர்டு கேட்டால் அண்ணன் சொன்னதைக் கொடுங்கள். திறந்துவிட்டால் எஸ்எம்பி 1 பக்கமே போக வேண்டாம். திறக்கவில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்பதற்குள் எஸ்எம்பி 1.0 என்று ஒரு வரி இருக்கும். அதை விரித்து ‘கிளையன்ட்’ என்பதை மட்டும் டிக் செய்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். வேலை முடிந்த அன்றே அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

பெட்டி திறந்ததும் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆசையாக இருக்கும். இருக்காதா பின்னே, அப்பாவின் கோப்புகள் அல்லவா. ஆனாலும் முதலில் நகல். பெட்டியின் டிஸ்க் அளவோ அதற்கு மேலோ உள்ள புது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறைகள் பல உண்டு. கடையில் வரும்போது அது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கலாம், அதை ஃபார்மட் செய்து என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் நாம் திறக்கப்போகும் பெரிய கோப்பை, விண்டோஸ் என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தால்தான் இணைக்கும். அந்தப் புது டிஸ்க்கை மாற்றும்போது வேறு எந்த டிஸ்க்கும் லேப்டாப்பில் செருகியிருக்கக் கூடாது, தவறுதலாக வேறொன்றை அழித்துவிடும் வாய்ப்பே இருக்க வேண்டாம். பிறகு பெட்டியில் உள்ள எல்லா ஃபோல்டர்களையும் அப்படியே நகலெடுங்கள். ராத்திரி முழுக்க ஓடக்கூடும், லேப்டாப் தூங்கிவிடாதபடி அமைத்துவிட்டுப் படுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் பெட்டியை அணைத்து, துணியில் சுற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள். அதன் வேலை முடிந்தது.

நகலில் அநேகமாக நீங்கள் பார்ப்பது இரண்டு விதமான சரக்கு. ஒன்று, அப்பாவின் கம்ப்யூட்டர் பெயரிலேயே ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘பேக்கப் செட்’ என்று தொடங்கித் தேதியோடு முடியும் ஃபோல்டர்கள், அவற்றுக்குள் வரிசையாக ஜிப் கோப்புகள். பக்கத்தில் ‘மீடியாஐடி’ என்று ஒரு குட்டிக் கோப்பு. இந்த ஃபோல்டரும் குட்டிக் கோப்பும் புது டிஸ்க்கில் வேறு எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் முதல் மட்டத்திலேயே இருக்கட்டும். விண்டோஸ் 11இன் கன்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ இன்னும் இருக்கிறது. அதில் ‘வேறொரு பேக்கப்பிலிருந்து மீட்க’ என்ற வழியில் போனால் புது டிஸ்க்கைக் காட்டும். தேர்ந்தெடுத்து, வேறு ஒரு புது ஃபோல்டரில் இறக்கச் சொல்லுங்கள். அது அடம் பிடித்தால் கவலை வேண்டாம், ஜிப் கோப்புகளை நேராகவே திறக்கலாம். பெரிய வீடியோக்கள் இரண்டு மூன்று ஜிப்களில் துண்டாகிக் கிடக்கும், ஆனால் எழுத்துக் கோப்புகள் சிறியவை, முழுசாகவே இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: முதல் தடவைக்குப் பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் பெரும்பாலும் அந்த வாரம் மாறிய கோப்புகள் மட்டுமே சேர்ந்திருக்கும். ஒரே கட்டுரை பத்து இடத்தில் பத்துத் தேதியில் கிடைக்கும். எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்பா ஒரு பத்தியை எப்படித் திருத்தித் திருத்தி எழுதினார் என்பது அந்தப் பத்துக்குள் இருக்கிறது.

இரண்டாவது, ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்ற ஃபோல்டர். அது இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். அதற்குள் விஎச்டி என்று முடியும் ஒரு பெரிய கோப்பு இருக்கும், அதுதான் அப்பாவின் சி டிரைவ், முழுசாக. நெட்வொர்க்கில் கடைசியாக எடுத்தது ஒன்றைத்தான் வைத்திருக்கும், நமக்கு அது போதும். இதை விண்டோஸில் இணைத்துத் திறந்தால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று தடுக்கும், ஏனென்றால் அந்தக் கோப்புகளின் சொந்தக்காரராக அது பழைய கம்ப்யூட்டரில் இருந்த அப்பாவைத்தான் அறியும். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, அதில் இந்த விஎச்டியைத் திறந்தால் அனுமதித் தொல்லை இல்லாமல் உள்ளே போகலாம். ‘யூசர்ஸ்’ ஃபோல்டரை முழுசாக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கவலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊரில் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுப்பவர்கள் ‘சி டிரைவ் கெட்டுப்போகும், எல்லாத்தையும் டி டிரைவில் வையுங்கள்’ என்று சொல்லியே கொடுப்பார்கள். அப்பா அதைக் கேட்டு நடப்பவராக இருந்து, அண்ணனும் டி டிரைவைத் தனியாகத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால், அங்கே இருந்தவை பேக்கப்பில் வந்திருக்காது. அப்படியானால் அப்பா யாருக்கெல்லாம் மெயிலில் அனுப்பினார், எந்தப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனார் என்று தேட வேண்டியிருக்கும். கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிரஸ்காரரையும் கேளுங்கள்.

கோப்பு கிடைத்துவிட்டது, இரண்டு சொடுக்கு சொடுக்குகிறீர்கள், திறக்கிறது. ஆனால் திரையில் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஏதோ கிறுக்கல். இந்த இடத்தில்தான் பலர் ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்! எல்லாக் கம்ப்யூட்டரும் தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோடு என்ற பொது முறை பரவலாகும் முன் தமிழில் அடித்தவர்கள் பாமினி, வானவில், டாப், டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு எழுத்துருவோ எழுத்து முறையோ வைத்திருந்தார்கள். தமிழ்நாடு அரசே 2010இல்தான் யூனிகோடுக்கு மாறியது. பத்திரிகை அடிப்பவர்கள் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் பழைய எழுத்துருவை விடவில்லை. அவற்றில் கோப்புக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். எழுத்துரு இருந்தால்தான் அவை ‘அம்மா’வாகத் தெரியும்.

அந்த எழுத்துருக்கள் இருந்த இடம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’. ஜிப் பேக்கப்பில் அது வராது, அந்தப் பெரிய விஎச்டியில் மட்டுமே இருக்கும். முன்பு சந்தோஷம் என்று சொன்னேனே, காரணம் இதுதான். ‘ஃபான்ட்ஸ்’ முழுவதையும் வெளியே எடுத்து வையுங்கள். வேர்டு கோப்பு என்றால் திறந்ததும் எழுத்துருப் பெயர் மேலே உள்ள கட்டத்தில் தெரியும், லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். எடுத்து வைத்ததிலிருந்து அதை மட்டும் நிறுவினால் பக்கம் தமிழாகிவிடும். பத்திரிகைகளைப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டிருந்தார் என்றால், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் அதன் 4.4 பதிப்பிலிருந்து அவற்றைத் திறக்கும். வடிவம் கொஞ்சம் கலையலாம், எழுத்து கிடைக்கும்.

படிக்க முடிந்த பிறகு யூனிகோடுக்கு மாற்றலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மாற்றும் மென்பொருள் இந்தப் பழைய முறைகளில் பலவற்றை அறியும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள். நடுநடுவே அப்பா ஆங்கிலத்தில் ஏதாவது அடித்திருந்தால், கன்வெர்ட்டர் அதையும் தமிழென்று நினைத்து உருமாற்றிவிடும். ரயில்வேயில் இருந்தவர், ஆங்கிலச் சொற்கள் நிறையவே வரும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை வரிக்கு வரி படித்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

டிஸ்க் தட்டுகிற சத்தம் போட்டால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்புக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். கடை மேஜையில் டிஸ்க்கின் மூடியைத் திறக்கத் தயாராக இருப்பவரிடம் கொடுக்காதீர்கள். முதலில் சோதித்து எழுத்தில் மதிப்பீடு தரச் சொல்லுங்கள், கோப்பு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். சத்தம் இல்லை, ஆனால் பெட்டிதான் உயிர் பெறவில்லை என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் முதலில் டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே படியெடுத்து, அந்தப் படியில் வேலை பார்த்தால் போதும். அப்படிப் படியெடுக்கும் லினக்ஸ் கருவியின் பெயர் டிடிரெஸ்க்யூ, ‘டிடிரெஸ்க்யூ தெரியுமா’ என்று கேளுங்கள். தெரியும் என்பவரிடம் கொடுக்கலாம்.

இன்னும் ஒன்று. என் பெரியப்பா தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதங்கள் எங்களுக்கு இப்படித்தான் கிடைத்தன. வெறும் டெக்ஸ்ட் கோப்புகள், எழுத்துருப் பெயர் எதிலும் இல்லை. ஏழெட்டு எழுத்துருக்களை முயன்றும் ஒன்றும் பொருந்தவில்லை. பிறகுதான் கவனித்தேன், எல்லாக் கோப்பிலும் முதல் வரி ஒரே மாதிரி இருந்தது. பெரியப்பா எதை எழுதினாலும் மேலே ‘சிவமயம்’ என்று போட்டுத்தான் தொடங்குவார். அந்த ஒரு சொல்லை வைத்து எந்த விசை எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன், மீதி தானாக அவிழ்ந்தது.

உங்கள் அப்பா எழுத உட்கார்ந்தால் தாளின் தலையில் என்ன போடுவார்? அம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கேட்டு, கிறுக்கலாகத் தெரியும் ஒரு கோப்பின் முதல் இரண்டு வரிகளோடு சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள்.